எனக்கு அழுகை வரவில்லை: ஆஸ்பத்திரி வேலையும் மரத்துப்போகும் மனசும்

பன்னிரண்டாம்_வார்டு | ஞாயிறு, இரவு 11:40

வீட்டில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வேலைக்கு வந்து பத்து வருஷம், இந்த வார்டுக்கு வந்து நாலு வருஷம்.

போன மாதம் ஒரு குழந்தை வந்தது. இருபத்தேழு வாரத்தில் பிறந்தது, 900 கிராம். எங்கள் வார்டில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயரைச் சொல்லி 'பேபி ஆஃப்' இன்னார் என்றுதான் கேஸ் ஷீட்டில் இருக்கும். அதன் அப்பா கட்டட வேலை பார்ப்பவர். தினமும் சாயங்காலம் வந்து, விரல் இடுக்கில் ஒட்டிய சிமென்ட் போகும்வரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார். ஒரு நாள் ரோஸ் கலரில் ஒரு நூல் தொப்பி வாங்கி வந்து கொடுத்தார். ஒரு சாத்துக்குடிக்குப் போட்டால் சரியாக இருக்கும், அவ்வளவு சின்னது. நான்தான் வாங்கி, குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரின் தலைமாட்டில் வைத்தேன்.

பதினேழாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தை போய்விட்டது. ட்யூபை எடுத்தேன், உடம்பைத் துடைத்தேன், துணியில் சுற்றி டேக் கட்டினேன், ரெஜிஸ்டர் எழுதினேன். லேபர் வார்டில் இருந்து அடுத்த குழந்தையைக் கொண்டு வருகிறோம் என்று போன் வந்துவிட்டது. வார்மரில் கிடந்த எல்லாவற்றையும் வாரி, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் கவரில் போட்டுச் சுத்தம் செய்தேன்.

ஆறரை மணிக்கு அவர் வந்தார். அழவில்லை. "சிஸ்டர், அந்தத் தொப்பிய மட்டும் குடுத்தீங்கன்னா..." என்றார். அதெல்லாம் இருக்காதுங்க என்று சொல்லிவிட்டு இன்சுலின் சிரிஞ்ச் எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போனேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, தோசை ஊற்றி, பிள்ளைக்கு ஜடை பின்னி அனுப்பினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என்னைப் பயமுறுத்துவது அதுதான். முதல் வருஷத்தில் ஒரு குழந்தை இறந்தால் ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது எனக்கு. இப்போது கல் மாதிரி இருக்கிறேன். போன வாரம் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, இறங்க மனசு வராமல் இருபது நிமிஷம் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன். இது என்ன? நான் கெட்டவள் ஆகிவிட்டேனா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

---

மனசுப்_பக்கம் | திங்கள், காலை 6:55

சிஸ்டர், நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளராகப் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: கெட்டவளாகவில்லை. மரத்துப்போயிருக்கிறது.

அந்த வார்த்தையைத் தெரிந்தேதான் சொல்கிறேன். ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போகும். அந்தக் காலை யாரும் கெட்ட கால் என்று சொல்வதில்லை. ரத்தம் ஓட வழியில்லாமல் அழுத்தி வைத்திருந்தோம், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: உணர்ச்சி திரும்பும்போது குத்தும். நீங்கள் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிஷம் குத்த ஆரம்பித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதற்குப் 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்து எழுதினார். ஏழைகளுக்கான இலவச கிளினிக் ஒன்றில் அவரே வேலை பார்த்தவர். அங்கே ஆசையோடு வந்து சேர்ந்தவர்கள் சில மாதங்களில் எரிச்சலும் விரக்தியுமாக மாறுவதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார். அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். மனசு காலியாகிப் போவது ஒன்று. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் கட்டில் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது இன்னொன்று. 'நான் செய்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை' என்ற நினைப்பு மூன்றாவது. நீங்கள் தொப்பியைப் பற்றி எழுதியது இரண்டாவது. ஆனால் அதைப் பற்றி ஒரு மாதமாக யோசித்து இப்படி எழுதியிருக்கிறீர்களே, முழுக்க மரத்துப்போனவர் எழுத மாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லவில்லை. தீராத வேலை அழுத்தத்தால் வரும், வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதாவது அதன் வேர் உங்கள் குணத்தில் இல்லை, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். லீவில் இருக்கும்போதும் எதிலும் பிடிப்பில்லையா, தூக்கம் விடியற்காலையிலேயே கலைகிறதா, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு எட்டிப்பார்க்கிறதா? அப்படியென்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

---

மூணாம்_ஷிப்ட் | திங்கள், பிற்பகல் 2:15

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனது. நானும் செவிலியர்தான், ஆண் செவிலியர், இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

ஆனால் சமூகப் பணியாளர் அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம். மனசு, மனசு என்று பேசும்போதெல்லாம் ஆள் பற்றாக்குறை மறைந்துபோகிறது. இந்திய செவிலியர் மன்றத்தின் கணக்குப்படி, போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ். நான் நேற்று இரவு ஒற்றை ஆளாக அறுபத்திரண்டு பேரைப் பார்த்தேன். அதில் பதினாலு பேர் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். இதில் எனக்கு என்ன உளவியல் காரணம் வேண்டியிருக்கிறது?

எங்கள் இடத்தில் ஒருமுறை 'மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி' என்று வைத்தார்கள். நைட் ட்யூட்டி முடித்தவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சர்க்குலர். காலை எட்டரைக்குக் கண்ணை மூடி மூச்சை இழுங்கள் என்றார் வந்தவர். என் பக்கத்தில் இருந்த பெண் அப்படியே தூங்கிச் சரிந்துவிட்டாள். அவளைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தூங்க விட்டிருந்தால் அதுதானே பயிற்சி?

2015-இல் தேர்வெழுதி வந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனாவுக்கு எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அவர்களுக்கு வந்த சோர்வை எந்தப் பயிற்சி போக்கும்?

---

மனசுப்_பக்கம் | திங்கள், இரவு 9:20

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். நைட் முடித்தவரைப் பிடித்து யோகா சொல்லிக்கொடுப்பது கொடுமை. 2016-இல் லான்செட் இதழில் டாக்டர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. தனி ஆளுக்கான பயிற்சி, வேலை முறையில் மாற்றம் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் பர்ன் அவுட் 54 சதவீதத்தில் இருந்து 44-க்கு இறங்கியிருந்தது. அடுத்த வருஷமே வந்த இன்னொரு தொகுப்பில், நிர்வாகம் வேலை முறையை மாற்றிய இடங்களில்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே நான் உங்கள் கட்சிதான்.

ஆனாலும் மனசை விட்டுவிட முடியாது, அண்ணே. நீங்கள் எழுதியதிலேயே மனசு இருக்கிறது, பாருங்கள். அறுபத்திரண்டு பேர் என்று எழுதினீர்கள். ஆனால் உங்கள் கோபம் ஆறாமல் இருப்பது அந்த எண்ணிக்கையால் இல்லை. தூங்கிச் சரிந்த அந்தப் பெண்ணை யாரும் மனுஷியாக நினைக்கவில்லை என்பதால்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் இதைத்தான் காட்டினார். வேலைப் பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. பளு அதிகம், ஆனால் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் கையில் இல்லை, இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் முறிகிறார். 1996-இல் ஜெர்மனியில் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு பக்கத்தைச் சொன்னார்: போட்ட உழைப்புக்குத் திரும்பக் கிடைப்பது சரிசமமாக இல்லையென்றால் உடம்பே கெடும், இதயம் உட்பட. திரும்பக் கிடைப்பது என்றால் சம்பளம் மட்டும் இல்லை. மரியாதை, வேலை நிலைக்கும் என்ற தைரியம், இவையும் அதில் சேர்த்தி. நீங்கள் சொன்ன 7,700 ரூபாய் கதையில் பணம், மரியாதை, நிலைத்தன்மை மூன்றுமே அடிபட்டிருக்கிறது.

இன்னொன்று, இதுதான் மருத்துவமனைக்கே உரியது. செய்ய வேண்டியது என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆள் இல்லை, மருந்து இல்லை, மேலே இருந்து உத்தரவு இல்லை. தெரிந்தும் செய்ய முடியாமல் கை கட்டி நிற்கும்போது மனசில் ஒரு அறுப்பு இருக்குமே, அதை 1984-இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்பவர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போதுதான் முதலில் தனியாக எடுத்துச் சொன்னார். அற நெருக்கடி என்று சொல்லலாம். களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

---

மூணாம்_ஷிப்ட் | திங்கள், இரவு 9:48

தரையில் படுத்திருந்த பதினாலு பேரில் ஒரு பெரியவர், "தம்பி, தலைக்கு ஏதாச்சும் கிடைக்குமா" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்தும், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியும்வரை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதுதான் ஞாபகம் வருகிறது. சரி, புரிகிறது.

---

இரண்டாம்_வருஷ_பிஜி | செவ்வாய், அதிகாலை 3:30

மகப்பேறு பிஜி, அதாவது மேல்படிப்பு படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கும் டாக்டர். ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன், எப்போது போன் அடிக்கும் என்று தெரியாது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு வந்தேன், இன்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போவேன்.

எங்களுக்கு 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி விதி இருக்கிறது. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் ட்யூட்டி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த விதி. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே அறிக்கையில், கேள்விக்குப் பதில் சொன்ன பிஜி மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். என் பேட்ச்சில் ஒன்பது பேர். அந்தக் கணக்கை நான் வகுத்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது மணிக்கணக்கு இல்லை. போன வருஷம் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாயை இழந்தோம். இருபத்திரண்டு வயசு. பிளட் பேங்கில் இருந்து பை வரத் தாமதமானது. தாய் இறப்பு ஆடிட்டில், அதாவது எதனால் இறந்தார் என்று விசாரிக்கும் கூட்டத்தில், என்னை நிறுத்தி, பல்ஸ் எப்போது பார்த்தாய், ஏன் எழுதவில்லை, யாரிடம் சொன்னாய் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்கவில்லை. வெளியே வந்ததும் அட்மிஷனில் அடுத்த கேஸ் பார்க்கப் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் கட்டிலுக்கு அடியில் குனிந்து ரத்தம் சொட்டுகிறதா என்று மூன்று முறை பார்க்கிறேன். ஒரு முறை பார்த்தால் போதும் என்று எனக்கே தெரியும்.

சின்ன வயசிலிருந்து முதல் மார்க் எடுத்தே வந்தவர்கள் நாங்கள். தப்பு நடந்தால் அது ஒரு நிகழ்வு என்று எடுத்துக்கொள்ளத் தெரியாது. நானே தப்பு என்று ஆகிவிடுகிறது.

போன் அடிக்கிறது, அப்புறம் வருகிறேன்.

---

மனசுப்_பக்கம் | செவ்வாய், காலை 7:10

டாக்டர், முதலில் சாப்பிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவத் தவறு நடக்கும்போது முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி, இரண்டாவதாக அடிபடுபவர் அந்த மருத்துவர் என்று எழுதினார். 'இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்' என்ற அந்தச் சொல்லுக்கு எதிர்ப்பும் உண்டு, குழந்தையைப் பறிகொடுத்த குடும்பங்கள் 'நீங்கள் எப்படி அடிபட்டவர்கள் ஆவீர்கள்' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் மூன்று முறை குனிவது, திரும்பத் திரும்ப அந்தக் காட்சிக்குள் போவது, இதெல்லாம் அவர் விவரித்ததுதான். ஆடிட்டைச் செய்யட்டும். அதோடு, அதற்கு வெளியே, யாராவது ஒரு சீனியர் உங்களைத் தனியாக உட்காரவைத்து அன்று நடந்ததைக் கேட்டிருக்க வேண்டும். பல்ஸ் நேரத்தைப் பற்றிய கேள்வி ஆடிட்டில் போதும், இங்கே உங்களைப் பற்றிய கேள்வி.

---

அட்டெண்டர்_மகன் | செவ்வாய், முற்பகல் 11:05

நான் மருத்துவத் துறை இல்லை. என் அப்பாவை மூன்று வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உங்கள் கஷ்டம் எல்லாம் படித்தேன், மனசு கனத்தது. ஆனால் அந்தப் பக்கமும் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கிய இரவு நான் நாலு முறை சிஸ்டரைக் கூப்பிடப் போனேன். நாலாவது முறை, "உங்க அப்பா ஒருத்தர்தான் இங்க பேஷண்டா?" என்று கத்தினார். அப்பா மறுநாள் இறந்தார். அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் களைத்துப்போயிருந்தார் என்று இப்போது புரிகிறது. அது என் காதில் இருப்பதைப் புரிதல் அழிக்கவில்லை. மரத்துப்போனவர்களுக்கு மருந்து தேடுகிறீர்கள், நல்லது. அவர்கள் கையில் சிக்கிய எங்களுக்கு என்ன?

---

பன்னிரண்டாம்_வார்டு | செவ்வாய், பிற்பகல் 3:30

அண்ணா, அந்த சிஸ்டருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது, இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் நாலு முறை வந்தது சரிதான். ஐந்தாவது முறையும் வந்திருக்கலாம்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தத் தொப்பி கேட்டவர் இப்போது தன் வீட்டில் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று யோசித்தேன். 'அதெல்லாம் இருக்காதுங்க.' என் வாக்கியம் அவர் காதில் இருக்கும். இன்று சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் போய் அழுதேன். ஒரு மாதம் கழித்து.

---

கிராமத்துச்_சிஸ்டர் | செவ்வாய், இரவு 8:40

நான் கிராம சுகாதார செவிலியர், விஎச்என். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எனக்கு அதற்கு மேல் இருக்கிறார்கள். நான் தனி ஆள். வார்டில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நர்ஸாவது இருப்பார். எனக்கு ஃபிரிட்ஜில் இருக்கும் தடுப்பூசிதான் துணை.

எங்கள் வேலையில் இரண்டு பக்கமும் அடி. கர்ப்பிணி ரத்தசோகை மாத்திரையைச் சாப்பிடாமல் கூரையில் செருகி வைத்திருப்பாள், ஹீமோகுளோபின் இறங்கியதற்கு மீட்டிங்கில் என்னை எழுப்பி நிறுத்துவார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி இணையதளத்தில் பதிவு ஏறவில்லை என்றால் மெமோ. ஊரிலோ, "இந்தம்மா ஊசி போட்டுத்தான் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். ரெண்டு இடத்திலும் சிரிக்க வேண்டும். முகத்தில் ஒன்று, மனசில் ஒன்று என்று நாள் முழுக்கப் பிடித்துவைப்பதும் ஒரு வேலைதான் என்று எனக்குத் தோன்றும். அதற்கு எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது.

இருந்தும் நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்தால், நான் கைபிடித்துப் பிரசவத்துக்கு அனுப்பிய பெண்ணின் பிள்ளை இன்று எட்டாவது படிக்கிறான். சைக்கிளில் போகும்போது "அத்தே" என்று கத்துவான். நான் செய்தது என்ன ஆனது என்பது என் கண்ணுக்கு முன்னால் வளர்கிறது. பன்னிரண்டாம் வார்டு தங்கச்சிக்கு அது கிடைப்பதில்லை. பிழைத்த பிள்ளைகள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடும். போனவை மட்டும்தான் அவள் மனசில் தங்கும்.

---

இரவு_இஎம்டி | செவ்வாய், இரவு 10:12

அக்கா சொன்னது எங்களுக்கு இன்னும் அதிகம். 108 ஆம்புலன்ஸில் அவசர முதலுதவி செய்யும் இஎம்டியாக இருக்கிறேன். கேட் வரைக்கும்தான் எங்கள் கதை. கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர் மாற்றிவிட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு, வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த கேஸ். நான் முப்பது கிலோமீட்டர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே கூட்டிவந்த ஆள் பிழைத்தாரா என்று தெரியாது. வண்டி ஓட்டும் எங்கள் பைலட் அண்ணன் பேப்பரில் இரங்கல் பக்கத்தைப் பார்ப்பார். தெரிந்த முகம் இல்லை என்றால் பிழைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்வோம்.

---

மான்செஸ்டர்_மழை | புதன், அதிகாலை 4:45

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே பல மருத்துவமனைகளில் 'ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' என்று ஒன்று நடக்கும். பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வக்கீல் நுரையீரல் புற்றுநோயில் 1995-இல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்கள் காட்டிய சின்னச் சின்னப் பிரியம்தான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரில் தொடங்கியது. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம், டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பற்றித் தங்களுக்கு மனசில் என்ன நடந்தது என்று மட்டும் பேசுவார்கள். சிகிச்சை சரியா தப்பா என்ற பேச்சு அங்கே கிடையாது. எங்கள் பெரிய கன்சல்டன்ட் ஒருவர் அதில் அழுததைப் பார்த்த பிறகுதான், நான் பாத்ரூமில் போய் அழுவதை நிறுத்தினேன்.

இங்கே எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை இங்கேயும் கழுத்தை நெரிக்கிறது. மூணாம் ஷிப்ட் அண்ணன் சொன்னது கடல் தாண்டியும் உண்மை.

---

மூணாம்_ஷிப்ட் | புதன், காலை 8:30

நம் ஊரில் நம்மைத் தெய்வம் என்பார்கள். 2020 மார்ச் 22-ஆம் தேதி தட்டு தட்டினார்கள், கை தட்டினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19-ஆம் தேதி, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்னையில் கூட்டம் விடவில்லை, கல்லால் அடித்தது. கூட வேலை பார்த்த டாக்டரே ராத்திரியில் மண்வெட்டியால் மண் தள்ளிப் புதைத்தார். அன்று எங்கள் வார்டில் யாரும் பேசவில்லை. பிபிஇ உடைக்குள் யார் அழுதார்கள் என்றும் தெரியவில்லை.

தெய்வம் என்று சொன்னால் பசிக்கிறது என்று சொல்ல முடியாது. பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தெய்வம் தப்பு செய்தால் கல்தான். 2024 நவம்பரில் கிண்டி மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்திய அன்றைக்கு என் மனைவி போன் செய்து, "நீங்க வாசப்பக்கம் முதுகு காட்டி உட்காராதீங்க" என்றாள். அன்றிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் உட்காருகிறேன்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. எங்களை வேலைக்காரன் என்று நினைக்கட்டும். வேலைக்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் உண்டு, லீவு உண்டு.

---

அட்டெண்டர்_மகன் | புதன், பிற்பகல் 1:00

அண்ணே, நாற்காலியைத் திருப்பிப் போட்டது என்று எழுதினீர்களே. அந்த சிஸ்டர் என்னைப் பார்த்துக் கத்தியபோது ரெண்டு அடி பின்னால் நகர்ந்தார். நான் அடிக்க வருவேன் என்று நினைத்திருப்பாரோ என்று இன்றுதான் தோன்றுகிறது. நான் வேகமாகத்தான் போனேன்.

---

நெறியாளர் | புதன், மாலை 6:00

ஒரு தகவல் மட்டும். மனசு தாங்கவில்லை என்று இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். இங்கே மருத்துவமனைப் பெயர், ஆள் பெயர் எழுத வேண்டாம்.

---

இரண்டாம்_வருஷ_பிஜி | வியாழன், இரவு 9:15

சாப்பிட்டேன். பத்து மணி நேரம் தூங்கினேன். எங்கள் யூனிட்டில் ஒரு மேடம் இருக்கிறார், அதட்டலுக்குப் பெயர் போனவர். இந்த இழையைப் படித்த தைரியத்தில் அந்த ஆடிட்டைப் பற்றி அவரிடம் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், 1998-இல் தனக்கு இறந்த ஒரு தாயின் பெயரையும் அவளுடைய கட்டில் நம்பரையும் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லையாம். ரவுண்ட்ஸில் இன்றும் அதட்டினார். ஆனால் எனக்கு அவர் வேறு ஆளாகத் தெரிகிறார்.

---

பன்னிரண்டாம்_வார்டு | ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 8:50

இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பத்து நாள் ஈட்டிய விடுப்பு எடுத்தேன். 14416-க்குப் பேசி, அப்புறம் மனநல டாக்டரையும் பார்த்தேன். மாத்திரை வேண்டாம், மாதம் இரண்டு முறை வந்து பேசுங்கள் என்றிருக்கிறார். வார்டு மாற்றம் கேட்டிருந்தேன். கிடைத்தது, ஆனால் நான்தான் மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொன்னேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் தொப்பிக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "என் கையாலயும் எத்தனையோ மஞ்சள் கவருக்குப் போயிருக்கும்" என்றார். மறுநாளே இரண்டாவது டிராயரைக் காலி செய்து, வெள்ளைக் கவர் ஒரு கட்டு வாங்கி வைத்தார். இப்போது ஒரு குழந்தை போனால், அதன் பொருளைத் துடைத்து அம்மா பெயர் எழுதி அந்தக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கிறோம். கொடுக்கும்போது இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும், அதுவரை அடுத்த குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். ஆள் கூடவில்லை. பத்து நிமிஷம் கூடியிருக்கிறது. ட்யூட்டி மாறும்போது கேஸ் சொல்லி முடித்தவுடன், "உனக்கு எப்படி இருக்கு" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். முதல் வாரம் எல்லோரும் நல்லா இருக்கேன் என்றோம். மூன்றாம் வாரம் புதுப் பெண் ஒருத்தி, நல்லா இல்லை என்றாள். டீ வாங்கி வந்து அவளோடு உட்கார்ந்தோம்.

கிராமத்து அக்கா சொன்னதால் இன்னொன்றும் செய்தோம். ஃபாலோ அப்புக்கு வரும் பிள்ளைகளை ஓபியில் பார்த்துவிட்டு, மேலே வார்டுக்கும் ஒருமுறை காட்டச் சொல்கிறோம். போன வியாழக்கிழமை 1,100 கிராமில் பிறந்து வீட்டுக்குப் போன ஒரு பையன் கன்னம் தொங்க வந்தான். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டான்.

தொப்பி கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேஸ் ஷீட்டில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

இதுவரை ஐந்து கவர் கொடுத்திருக்கிறோம். ஒன்று மட்டும் டிராயரிலேயே இருக்கிறது. அதற்குள் ஒரு வசம்பு வளையல். அந்தத் தாய் மயக்கம் தெளிவதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள், யாரும் வாங்க வரவில்லை. அவர்கள் ஊர் விஎச்என் நம்பரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நாளை எனக்கு ஆஃப், பேச மாட்டேன். திங்கட்கிழமை காலை ட்யூட்டி. ஏழு மணிக்குக் கேஸ் வாங்கிக்கொண்டு, முதல் பால் கொடுத்து முடித்ததும் கூப்பிடுவேன்.